வெண்கட்டியும் பெற்றோல் மணமும்

காருக்குள் பெற்றோல் மணக்கிறது என்று முதலில் சொன்னவள் நான்தான். யாரும் நம்பவில்லை. நம்பாததற்கு அவர்களிடம் நல்ல காரணம் இருந்தது. அப்போது நான் நாலு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. சோறு கொதிக்கும் மணம் பிடிக்காது, மீன் ஆணம் சமைக்கும் மணம் பிடிக்காது, பக்கத்து வீட்டில் வெங்காயம் பொரித்தால் இங்கே எனக்குக் குமட்டிச் சத்தி வரும். இப்படிப்பட்டவள் பெற்றோல் மணக்கிறது என்றால் யார் காது கொடுப்பார்கள்?

"ஒனக்கு இப்ப எல்லாம்தான் மணக்கும்," என்றார் என் கணவர். "புள்ள பொறந்தா மணம் போயிரும்."

கிழக்குக் கரையைச் சூறாவளி அடித்துப் போன அடுத்த வருடம் அது. கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஹயரிங் கார். பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் வரிசையாக நிற்கும் வாடகைக் கார்களில் எங்களுடையதுதான் வயதில் மூத்தது. சாம்பல் நிற இங்கிலாந்துக் கார். பத்து வருடம் பிறருடைய லொறிகளை ஓட்டித் தேய்ந்த மனிதர், எங்கள் கலியாணத்துக்கு முந்தைய வருடம் அதை வாங்கியிருந்தார். காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் அதைத் துடைப்பார். கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம் இருந்தாலும் ஹயருக்குப் புறப்பட மாட்டார்.

மணத்தை அவர் உணராததில் ஆச்சரியமில்லை. நாள் முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறவருக்கு மூக்கு பழகிப்போயிருந்தது. ஒரு வகுப்பறைக்குள் நுழைகிறவருக்குத்தான் அங்கே என்ன மணக்கிறது என்று தெரியும், உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. இதை அவரிடம் சொன்னேன். "டீச்சர் பாடம் எடுக்கத் தொடங்கிட்டாங்க," என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

என் பேச்சை நிரூபித்தது பொத்துவிலுக்குப் போன ஒரு ஹயர். மகளுக்கு மாப்பிள்ளை பேசப் புறப்பட்ட ஒரு குடும்பம் எங்கள் காரைப் பிடித்தது. புதுச் சாரி, அத்தர், மடியில் பலகாரப் பெட்டி. திருக்கோவில் ஊரைத் தாண்டுவதற்குள் சின்னப் பிள்ளை ஒன்று சத்தி எடுத்தது. பிறகு பிள்ளையின் தாய். பிறகு பெண்ணின் தாயே காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, வீதியோரத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாராம். அடுத்த நாள் அந்தத் தாய் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான்தான் கதவைத் திறந்தேன்.

"நாங்க அத்தர் பூசிக்கிட்டுப் போனம், புள்ள. மாப்பிள்ள ஊட்டுல போய் எறங்கக்குள்ள பெற்றோல் ஷெட்டில இருந்து வந்த மாதிரி எறங்கினம். ஒங்கட ஊட்டுக்காரருட்டச் சொல்லுங்க, இந்தக் கார இனி பொம்புளயள் போற ஹயருக்குக் கொண்டு போக வேணாமெண்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள்ளே, ஒளிக்காமல் சொன்னால், ஒரு துளி சந்தோசமும் இருந்தது. மணம் என் வயிற்றிலிருந்து வரவில்லை, காரிலிருந்துதான் வருகிறது.

ஸ்டாண்டில் கதை பரவ ஒரு நாள் போதுமானதாக இருந்தது. மற்ற ட்ரைவர்மார் எங்கள் காருக்கு 'நடமாடும் பெற்றோல் ஷெட்' என்று பெயர் வைத்தார்கள். வழமையாக வருகிற ஆட்கள் அவரைப் பார்த்துச் சலாம் சொல்லிவிட்டு அடுத்த காரில் ஏறினார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊரிலேயே கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். என் கணவரைவிட வயதில் மூத்தவர், நாங்கள் இருவரும் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். காக்கா முதலில் பெற்றோல் தாங்கியின் மூடிக்குப் புது றப்பர் போட்டார். மணம் போகவில்லை. தாங்கியிலிருந்து புறப்படும் குழாயை மாற்றினார். போகவில்லை. பெற்றோல் பம்பைக் கழற்றி உள்ளே இருந்த தோல் மாதிரியான தகட்டை மாற்றினார். அன்றைக்கு என் கணவர் வாசலுக்கு வந்து காரை நிறுத்திவிட்டு, "இப்ப மணந்து பாரு," என்றார். நான் முற்றத்தில் இறங்கவேயில்லை. மணம் குசினி யன்னலுக்கே வந்துவிட்டது.

காக்கா கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்: "தம்பி, காருக்கு வயசு போயிட்டு. பழைய காரெண்டா மணக்கும்தான். பாக்கிற எடமெல்லாம் காய்ஞ்சு கெடக்கு. ஒழுகாத ஒண்ட நான் எப்பிடி அடைக்கிற?"

அன்று பின்னேரம் என் கணவர் வாசல் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டிருந்தார். "குடுத்திருவம்," என்றார். "அக்கரைப்பத்தில ஒருத்தர் கேட்டிரிக்கார். பழைய சாமானுக்குக் கழட்டி விக்கிற ஆள்."

கழற்றி விற்கிற ஆள். அந்தச் சொல்தான் எனக்குள் போய்த் தைத்தது. காருக்காக அல்ல. காலையில் துணியோடு குனிந்து நிற்கும் அந்த மனிதருக்காக.

"இஞ்சாருங்க, குடுக்கிறத்துக்கு முந்தி எனக்கு ஒரு கிழம, ஏழே நாள் தாங்க."

"ஒனக்கு என்னத்துக்குக் கிழம?"

"எங்க இருந்து மணக்குதெண்டு பாக்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காக்கா மூணு தரம் பாத்தும் அம்புடல்ல. ஒனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?"

"எஞ்சின் தெரியா. ஆனா எப்ப மணக்குது, எப்ப மணக்கல்ல எண்டு இதுவர ஆரும் எழுதிப் பாக்கல்லதானே. நாம எழுதுவம்."

ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொடுத்தேன். ஒவ்வொரு ஹயருக்குப் பிறகும் இறங்குகிறவர்களிடம் கேட்க வேண்டும், எழுத வேண்டும். அவருக்குக் கூச்சம். "மணக்குதா எண்டு நானே கேக்கிறதா?" என்றார். ஆனாலும் கேட்டார். காலையும் மாலையும் நான் காரைச் சுற்றி நடந்து, முன்னும் பின்னும் நின்று, என் மூக்கு சொன்னதைப் பக்கத்தில் எழுதினேன். இவ்வளவு நாளும் எல்லோரும் குறை சொன்ன மூக்கு. அந்த ஒரு கிழமை அதற்குத்தான் வேலை.

ஆறாம் நாள் கொப்பியை விரித்து இருவரும் உட்கார்ந்தோம். பல விசயங்கள் எழுத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தன. தாங்கி நிறைந்திருந்த நாளிலும் முடியப்போகும் நாளிலும் மணம் ஒரே அளவுதான். அப்படியென்றால் தாங்கியில் குறை இல்லை, இருந்தால் நிறைந்த நாளில் கூடவேண்டும். காலையில் எஞ்சினைத் தொடுவதற்கு முன் மணமே இல்லை. ஓடும்போது குறைவு. எஞ்சின் வேலை செய்துகொண்டிருக்க கார் நிற்கும் இடங்களில், பாலத்தடியில் எதிரே வரும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கையில், கடைவாசலில் ஆளை ஏற்றக் காத்து நிற்கையில், மூச்சு முட்டும் அளவுக்கு மணம். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் வரை இருக்கும். அரை மணித்தியாலத்தில் ஒன்றும் இருக்காது.

"காக்காட கராஜுக்குப் போனா எவ்வளவு நேரத்தால பொனட்டத் தொறப்பார்?" என்று கேட்டேன்.

"எஞ்சின் சூடாறணுமே. தேத்தண்ணி குடிச்சு, கதச்சி... ஒரு மணித்தியாலம் போகும்."

"அதான் அவருக்கு எல்லாம் காய்ஞ்சு கெடக்கு. பெற்றோல் நமக்காக நனஞ்சபடி காத்துக்கிட்டு இரிக்குமா?"

அவர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, தாங்கியிலிருந்து எஞ்சின்வரை பெற்றோல் போகும் பாதையை ஒரு கோடாகக் கீறிக் காட்டினார். குழாய், பம்ப், காபரேட்டர். காபரேட்டருக்குள் ஒரு சின்ன அறையில் பெற்றோல் தங்குமாம். கூடிப் போனால் வழிந்து வெளியேறுவதற்கு ஒரு மெல்லிய குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாம்.

காய்ந்துபோகும் ஈரத்தைக் காட்ட ஏதாவது வேண்டும். என் கைப்பையில் எப்போதும் கிடக்கிற பொருள்தான் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்கு லீவு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அவர் பொனட்டைத் திறந்து, பெற்றோல் போகிற குழாய் மூட்டுகளை எல்லாம் பழந்துணியால் துடைத்தார். நான் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியில் நாலை நுணுக்கி, தண்ணீரில் குழைத்து, ஒரு பழைய தூரிகையால் அந்த மூட்டுகளில் எல்லாம் பூசினேன். பம்பைச் சுற்றி, காபரேட்டரைச் சுற்றி, அந்த மெல்லிய குழாயின் வாய்க்குக் கீழே. வயிறு இடித்ததால் பக்கவாட்டில் நின்று குனிந்தேன். முக்காடு நழுவி நழுவி வந்தது. எங்களோடு இருந்த என் உம்மா வாசலில் நின்று, "ஊரு பாத்தா என்ன சொல்லும்? புள்ளத்தாச்சி காருக்கு வெள்ளையடிக்கிறாளே," என்று தலையில் கை வைத்தார். ஊர் உண்மையிலேயே வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டுதான் நின்றது.

வெண்கட்டி வெயிலில் நன்றாகக் காய்ந்தது. பிறகு எஞ்சினை எழுப்பி, காரை நகர்த்தாமல் கால் மணித்தியாலம் ஓடவிட்டோம். நான் தள்ளி நின்றேன். மணம் எழும்பியது. "நிப்பாட்டுங்க," என்றேன். உடனே இருவரும் போய்ப் பார்த்தோம்.

பம்ப் வெள்ளை. குழாய் மூட்டுகள் வெள்ளை. காபரேட்டரின் அந்தச் சின்னக் குழாயின் கீழே மட்டும் வெள்ளை நனைந்து சாம்பல் நிறமாகி, நடுவே ஒரு கோடு அரித்துக்கொண்டு இறங்கியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயின் வாயில் ஒரு துளி திரண்டது. விழுந்தது. வாயில் மாட்டியிருக்க வேண்டிய றப்பர் வால் எப்போதோ கழன்று போயிருந்தது. அது இருந்திருந்தால் பெற்றோல் நிலத்தில் விழுந்திருக்கும். இல்லாததால் எஞ்சினின் சூடான பக்கத்தில் விழுந்து, சத்தமில்லாமல் ஆவியாகிக் காருக்குள் போய்க்கொண்டிருந்தது.

கண்டுபிடித்த சந்தோசத்தில் நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"இந்தப் பொனட்டுல சாஞ்சிக்கிட்டு நான் எத்தன சிகரட் பத்த வெச்சிரிக்கன் தெரியுமா?" என்றார் மெதுவாக. "அல்லாஹ்தான் காப்பாத்தினான்."

அதன் பிறகு அந்தக் காருக்கு அருகில் அவர் தீக்குச்சி கிழித்ததை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு எஞ்சினை மறுபடி எழுப்பவும் சம்மதிக்கவில்லை. ஜும்மாத் தொழுகை முடிந்ததும் காக்காவைச் சைக்கிளில் வீட்டுக்கே கூட்டி வந்தார்.

காக்கா வெள்ளைப் பூச்சைப் பார்த்தார். காய்ந்த பிறகும் அந்தக் கோடு மங்கலாகத் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு காபரேட்டரைத் திறந்தார். உள்ளே முட்டை அளவில் ஒரு பித்தளை மிதவை. பெற்றோல் ஏற ஏற இது மிதந்து மேலே வந்து, பெற்றோல் வரும் வழியை மூடவேண்டும் என்று எனக்கு விளக்கினார். மூடுகிற ஊசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஊசி நல்லா இரிக்கி. மெதவையும் நல்லாத்தான் இரிக்கி, தங்கச்சி. ஒரு நசுக்கும் இல்ல."

"தாங்க காக்கா, பாப்பம்."

வாங்கிக் காதருகில் வைத்து, தேங்காயைக் குலுக்கிப் பார்ப்பது போல் குலுக்கினேன். உள்ளே மிக மெல்லியதாக ஒரு சத்தம். கிளுக்.

"உள்ளுக்க என்னமோ இரிக்கி காக்கா."

அவர் வாங்கிக் குலுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை குலுக்கினார். "யா அல்லாஹ்," என்றார். "இது பெற்றோல் குடிச்சிரிக்கி."

பெற்றோல் குடித்த மிதவை பாரமாகித் தாழ்ந்துவிடும். தாழ்ந்தால் வழி மூடாது. மூடாவிட்டால் நிரம்பி வழியும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிதத்தலும் அமிழ்தலும் நான் எத்தனை தடவை படிப்பித்திருப்பேன். அந்தப் பாடம் என் வீட்டு முற்றத்தில், இவ்வளவு சின்னதாக, கையில் வந்து கிடக்கும் என்று நினைத்ததில்லை.

ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. கண்ணுக்கு அகப்படாத ஓட்டை. உம்மாவிடம் சுடுதண்ணி கேட்டேன். அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு பேசினில் ஊற்றி, குசினியிலிருந்து தூரமாக முற்றத்து நடுவில் கொண்டு வந்து வைத்தார். மிதவையை அதற்குள் அமிழ்த்திப் பிடித்தேன். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வழி தேடும் என்பது என் கணக்கு. ஐந்தாறு விநாடி ஒன்றுமில்லை. பிறகு, இரண்டு பாதியும் சேரும் பொருத்தின் ஓரத்திலிருந்து, மணிகளைக் கோத்தது போல் குமிழிகள் வரிசையாக ஏறின.

"அந்தா! அந்தா!" என்று கத்தியது என் உம்மா.

காக்கா பேசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகு எழும்பி, என் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "டீச்சர், நான் முப்பது வருசமா இந்த வேல செய்யிறன். இத நான் மொதல் நாளே பாத்திரிக்கணும்."

அதுவரை நான் அவருக்குத் தங்கச்சி. அந்த நாளிலிருந்து டீச்சர்.

புது மிதவை கொழும்பில் தேடினாலும் கிடைப்பது சந்தேகம் என்றார் காக்கா. ஈயம் வைத்து அடைக்கலாம் என்றார். அடைத்தால் பாரம் கூடாதா என்று கேட்டேன். கூடும்தான், ஈயம் உருக்கும் என் கோல் தடித்தது, கொஞ்சமாக வைக்க வராது, என்றார். பாரம் கூடினால் மறுபடி தாழும், மறுபடி வழியும். எனக்குக் கல்முனைக் கடைத்தெருவில் இருந்த பத்தர் நினைவு வந்தது. என் கலியாண நகைகளைச் செய்த தமிழர். அவருடைய கையில் ஈயம் ஒரு புள்ளிக்கு மேல் விழாது.

இரண்டு நாள் வெயிலில் போட்டு, மறுபடி மறுபடி சுடுதண்ணியில் அமிழ்த்தி, குலுக்கினால் சத்தமே வராத வரைக்கும் உள்ளே இருந்ததை வெளியேற்றினோம். பிறகு நானும் என் கணவரும் பத்தரிடம் கொண்டு போனோம்.

பத்தர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "டீச்சரம்மா, இது பவுண் இல்ல, பித்தள."

"தெரியும் பத்தர். ஆனா பவுணுக்குப் பாக்கிற மாதிரிப் பாத்துத் தாங்க. பாரம் கூடப்படாது."

விசயத்தைக் கேட்டதும் மூக்கருகில் வைத்து முகர்ந்தார். "ஒரு சொட்டும் உள்ளுக்க இல்லையே? நான் நெருப்புக்குப் பக்கத்தில இரிக்கிறவன்." தானும் ஒருமுறை சுடுதண்ணியில் போட்டுப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். தராசில் நிறுத்தார். பொருத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கி, ஊசி முனையளவு ஈயம் வைத்தார். அரத்தால் மெல்ல உரசினார். மறுபடி நிறுத்தார். தராசின் முள் அசைந்ததா இல்லையா என்று நாங்கள் மூவரும் தலையைக் குனிந்து பார்த்தோம். "ஒரு குண்டுமணியில கால்வாசியும் கூடல்ல," என்றார். அவருடைய முகத்திலும் ஒரு பெருமை. பித்தளைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மிதவையை இரவு முழுக்க ஒரு சட்டித் தண்ணீரில், மேலே கல்லை வைத்து அமிழ்த்திவிட்டு, விடிந்ததும் குலுக்கினேன். சத்தம் இல்லை. காக்கா வந்து மாட்டினார். குழாய்க்கு ஒரு புது றப்பர் வாலும் போட்டார். என் கணவர் "பிஸ்மில்லாஹ்" சொல்லி எஞ்சினை எழுப்பினார். கால் மணித்தியாலம். அரை மணித்தியாலம். நான் பொனட்டுக்கு மேல் குனிந்து மூச்சை இழுத்தேன். சூடான எண்ணெய் மணம், தூசி மணம், தூரத்தில் யாரோ மீன் பொரிக்கும் மணம். வேறொன்றும் இல்லை.

"எப்பிடி?" என்றார் அவர். ஊரிலேயே நல்ல மூக்கு யாருக்கு என்பதில் அவருக்கு இப்போது சந்தேகம் இருக்கவில்லை.

"மீன்தான் மணக்குது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் முருங்கையடிக்குப் போய்ச் சத்தி எடுத்துவிட்டு வந்து நானும் சிரித்தேன்.

அடுத்த நாளே ஸ்டாண்டில் யாரோ அவரைச் சீண்டினார்களாம். "பொண்டாட்டி வெள்ளையடிச்சுத் திருத்தின காரா இது?" என்று. அவர் தலையைக் குனிந்திருப்பார் என்று நான் நினைத்தேன். அவர் காரின் நாலு கதவுகளையும் திறந்துவிட்டுச் சொன்னாராம்: "ஓம், என்ட டீச்சர் திருத்தின கார்தான். ஏறி இருந்து மணந்து பாருங்க. மணந்தா நான் ஸ்டாண்ட உட்டுப் போறன்." இரண்டு பேர் உண்மையிலேயே ஏறி உட்கார்ந்து மணந்து பார்த்தார்களாம். இதை அவர் சொல்லவில்லை. பத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சில மாதம் கழித்து வரிப்பத்தான்சேனையிலிருந்து, நிறைய வயல் வைத்திருக்கும் ஒரு போடியார் ஜீப்பில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். நெல்லும் உரமும் ஏற்றுகிற பழைய ஜீப். காக்காதான் அனுப்பியிருந்தார். வந்தவர் என் கணவரோடு கதைப்பார் என்று நான் உள்ளே போகத் திரும்பினேன்.

"இல்ல மகள்," என்றார் போடியார். "ஒங்களத்தான் பாக்க வந்த. ஜீப்புக்குள்ள பெற்றோல் மணக்குது. மெக்கானிக் சொன்னார், மொதல்ல டீச்சருட்டக் கேட்டுட்டு வாங்கெண்டு."

என் கணவர் போடியாருக்கு ஒரு கதிரையும் எனக்கு ஒரு கதிரையும் கொண்டுவந்து போட்டார். பிறகு எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி சொல்ல உள்ளே போனார். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன்.

"தாங்கி நெறஞ்சிரிக்கக்குள்ள கூட மணக்குதா, கொறஞ்சிரிக்கக்குள்ளயா?" என்று கேட்டேன்.